அத்தையின் பவளமும் அரைமூடி எலுமிச்சம்பழமும்

சங்கரன்கோவிலில், ஜவுளிக்கடை வாசலில், பட்டப்பகலில், என் மாமியார் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம் கலரை ஏமாற்றும் என்று தெருவுக்கே வந்துவிட்டார். சங்கிலியில் கோர்த்திருந்த பவளத்தின் பக்கத்தில் ஒவ்வொரு சேலையாக வைத்துப் பார்த்தார். கடையில் வேலை பார்க்கும் பெண் கைநிறையச் சேலைகளோடு பின்னாலேயே நின்றாள். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பவளக் கலர்தாம்மா இது. இப்பம் எல்லாரும் கோரல்னுதான் கேக்காங்க," என்றாள் அந்தப் பெண்.

"இதுவா பவளம்? இது வெங்காயத் தோலுல்லா."

அடுத்த சேலையை மிளகாய் வத்தல் என்றார். அதற்கு அடுத்தது தக்காளிச் சட்னி ஆனது. இன்னொன்றைப் பார்த்து, காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்ல, அந்தப் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் ஒரு சேலை பவளத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வைத்தால் மணி எது, சேலை எது என்று தெரியவில்லை.

"இந்தா இருக்கு. இதுதான் என் மருமகளுக்கு," என்றார் அத்தை.

என் மருமகள் என்று ஊருக்கு முன்னால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில்தான் வீட்டுக்குப் போய் வாயைக் கொடுத்தேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது காதல் கல்யாணம். நான் வாசுதேவநல்லூர்க்காரி. கண்மாய் வற்றி மீன்பிடி நடந்தால் தெருவெல்லாம் மீன்குழம்பு மணக்கும் வீட்டில் வளர்ந்தவள். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் குடும்பமோ சுத்த சைவம். சும்மா சைவம் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிற சைவம். கேக் வாங்கினால் கடைக்காரரைச் சத்தியம் செய்யச் சொல்கிற சைவம்.

அத்தை என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. பள்ளிக்கூடம் போகும்போது பிச்சிப்பூ தயாராக இருக்கும், திரும்பி வந்தால் காபி தயாராக இருக்கும். ஆனால் அடுப்படி வாசலைத் தாண்ட விடமாட்டார். "நீ எதுக்குத் தாயி இங்கன வந்து வேகுத? போய் ஃபேனுக்கு அடியில இரி," என்பார் சிரித்துக்கொண்டே. என் தட்டும் தம்ளரும் தனியாக ஜன்னல் திண்டில் இருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் மீனின் பெயரைக்கூட எடுத்ததில்லை. இருந்தாலும் மீன் தின்று வளர்ந்த கை அல்லவா. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். பூவையும் கொடுத்து வாசலையும் அடைத்தால் என்ன செய்வது? எனக்குச் சமைக்கப் பிடிக்கும். அந்தத் தம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை அழுகையாக வரும்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கிற சடங்கு. மஞ்சள் கயிற்றில் இருக்கும் தாலியைப் பிரித்து, தங்கச் சங்கிலியில் மணிகளோடு கோர்த்துப் போடுவார்கள். அந்த வீட்டு வழக்கப்படி, மாமியார் தன் சங்கிலியில் இருந்தே இரண்டு பவளத்தைக் கழற்றி மருமகளுக்குக் கோர்க்க வேண்டும். அதற்குத்தான் சேலை. அதற்குத்தான் சிவகிரியில் இருந்து பெரியத்தையும் வந்து இறங்கியிருந்தார். பெரியத்தை என்றால் மாமாவின் அக்கா, என் மாமியாருக்கு மதினி. வாய் ஓயாது.

சேலையைப் பிரித்துக் காட்டினோம். பெரியத்தை தடவிப் பார்த்தார், மாமா பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார், லீவு போட்டிருந்த என் வீட்டுக்காரர் சும்மாவே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சோபாவின் கையில் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

பவளம் கல் இல்லை பெரியத்தை, உயிர்ப் பிராணி என்றேன். ஆழக் கடலில் குண்டூசித் தலை அளவுக்கு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கை, ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டுக் குடும்பமாக வாழும் என்றேன். அதற்கு ஒரே வாசல்தான், சாப்பிடுவதும் அதில், வெளியே தள்ளுவதும் அதில் என்றதும் மாமா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. அதுகள் சேர்ந்து உடம்புக்குத் தாங்கலாகச் சிவப்பாக ஒரு எலும்பு மாதிரி வளர்க்கும், அதை அறுத்து உருட்டினால்தான் இந்த மணி என்று முடித்தேன்.

அத்தையின் கை சங்கிலிக்குப் போனது.

"எலும்பா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதிலேயே தெரிந்துவிட்டது, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாக ஆகிவிட்டது என்று. சரியான கிறுக்கி நான். சமாளிக்கலாம் என்று, "எலும்புன்னா நம்ம எலும்பு மாதிரி இல்ல அத்தை, சுண்ணாம்பு மாதிரி," என்று இழுத்தேன்.

"பிராணியோடதுதான?"

"ஆமா அத்தை."

பெரியத்தைக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. "அப்பம் இத்தன வருசமா எலும்பக் கழுத்துல போட்டுக்கிட்டா எங்க வீட்டுல சமைச்ச? கார்த்திகை விரதத்துக்கு வேற," என்று தாடையில் கை வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "நான் அன்னைக்கே சொன்னேன், உங்க அம்மை வீட்டுல போட்ட பவளம் ரொம்பப் பளபளங்குது, கண்ணாடியா இருக்கும்னு. கண்ணாடியா இருந்தாத்தான் தாயி உனக்கு நல்லது."

அத்தையின் கல்யாணப் பந்தலில் தொடங்கிய சண்டை அது என்று எனக்கு அப்போது தெரியாது. அத்தையின் முகம் சேலையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"எங்கம்மை கண்ணாடி போட்டு அனுப்பல மதினி. அது அசல்."

"அப்பம் எலும்பு," என்றார் பெரியத்தை.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "கணக்கு சரியாத்தான இருக்கு. அசல்னா எலும்பு, இல்லைன்னா கண்ணாடி. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு."

"நீங்க சும்ம கெடங்க," என்று அவரை அடக்கிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, டீச்சரு. அசலான்னு பாக்க வழி இருக்கா?"

வழி இருந்தது. சுண்ணாம்புப் பொருளில் புளிப்புப் பட்டால் நுரைக்கும், கண்ணாடி அசையாது. சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். நுரைக்காவிட்டால் அவருடைய அம்மாவின் மானம் பெரியத்தை முன்னால் போய்விடும். நுரைத்தால், எலும்பைச் சுமந்தார் என்ற பழியை அவர் தலையில் கட்டிய மருமகள் ஆகிவிடுவேன். அப்புறம் அடுப்படி வாசல் என்ன, ஜன்னல் திண்டு கூட எனக்குக் கிடைக்காது. ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா, எலுமிச்சம்பழம் போதும் என்று உளறிவிட்டேன்.

அத்தையே உள்ளே போய் அரைமூடி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். சங்கிலியில் ஓரத்தில் ஒரு பவளம் ஏற்கெனவே விளிம்பு உடைந்திருந்தது. அந்த இடத்தில் சேஃப்டி பின்னை வைத்து நான் மெல்லச் சுரண்ட, துளிப் பொடி கறுப்புத் தட்டில் விழுந்தது. சடங்குக்கு முன்னால் சங்கிலியைக் கழற்றக் கூடாது என்பதால் அத்தை தட்டின் மேலேயே குனிந்திருந்தார். என் வீட்டுக்காரர் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தார். தலையோடு தலை முட்ட எல்லோரும் குனிந்தோம். பெரியத்தை என் தோளில் ஏறாத குறை.

நான் பழத்தைப் பிழிந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. பெரியத்தை மூச்சை இழுத்துப் பேசத் தயாரானார். அதற்குள் போன் திரையில் புசுபுசுவென்று பொடியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழ்கள் கிளம்பின.

"நுரைக்கி," என்றார் மாமா.

"அசல்," என்று கத்திக்கொண்டு அத்தை எழுந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார். மருமகளுக்கு அவர் கொடுத்த முதல் முத்தம் எலுமிச்சை வாடையோடு இருந்தது. "பாத்தியளா மதினி. எங்கம்மை போட்டது அசல். கண்ணாடியாம்ல கண்ணாடி. நல்லா எட்டிப் பாருங்க." தட்டைத் தூக்கிப் பெரியத்தையின் மூக்குக்கு நேராக நீட்டினார். அவருடைய சந்தோஷம் எனக்கும் தொற்றி, நானும் கூடச் சேர்ந்து குதித்தேன். வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பெரியத்தை மட்டும் அசையவில்லை. "சரி. அசல்தான். அப்பம் எலும்புதான," என்றார்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். அவர் அழுவார் என்றே நினைத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தவர், வாசலில் போய் நின்றுவிட்டார். உள்ளே போகவில்லை. எத்தனையோ நாள் நான் நின்ற அதே இடம்.

"நானும் இங்கனயே நிக்கணுமோ?" என்றார், யாரையும் பார்க்காமல்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு பேரும் வெளிய நின்னா மத்தியானச் சோறு யாரு பொங்குவா? எங்க அக்காவா?"

"எனக்கு முட்டுவலி," என்றார் பெரியத்தை அவசரமாக.

அத்தையின் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று பதறி ஓடினேன். பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் நீர் வழிய, நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஒரே வாசலாம்லா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்று சிரித்தோம். பின்னால் என் வீட்டுக்காரர் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

"மதினி, நாளைக்கு இவளுக்கு ரெண்டு பவளம் கோர்க்கத்தான் போறேன். அசல் பவளம்," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார் அத்தை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். நான் அடுப்படிக்குள் இருந்தேன்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கத்தரிக்காயை வெட்டச் சொன்னார், வெட்டினேன். புளியைக் கரைக்கச் சொன்னார், கரைத்தேன். குழம்பு கொதித்தது. "உப்பப் போடு மக்கா," என்றார்.

நான் அலமாரியைப் பார்த்தேன். ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. "உப்பு எங்க இருக்கு அத்தை?"

"மூணு மாசமா இந்த வீட்டுல இருக்க, உப்பு இருக்க எடம் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே சிரித்தபடி திரும்பியவர் அப்படியே நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து எனக்குக் காட்ட ஆரம்பித்தார்.