காசியில் விட்ட மங்குஸ்தான்

காயவைத்த தக்காளி, பழைய சீஸ், பக்கத்திலேயே காபி... ஃப்ளாரன்ஸின் பழைய மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் கலந்து ஒரு வாசனை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது எனக்கு இத்தாலியில் வேலை. அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தென்காசி வீட்டில் தனியாக இருந்து அம்மா துரும்பாய் இளைத்துப் போயிருந்தாள். கட்டாயப்படுத்தி என்னோடு கூட்டி வந்திருந்தேன். எதையாவது அவள் ஆசையாகச் சாப்பிட வேண்டும்... அது ஒன்றுதான் என் கவலை.

இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக அந்தக் காலத்துக் கட்டடம். வரிசையாகத் தொங்கிய பன்றித் தொடைகளைப் பார்த்து "முருகா!" என்றாள். ஒரு கடைக்காரர் ருசி பார்க்க ஆலிவ் நீட்டினார். வாயில் போட்டதும் அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஏட்டி, இதையா காசு குடுத்து வாங்குதாவ?"

கடைசியில் ஒரு பழக்கடை. அங்கே மங்குஸ்தான்! குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அப்பா பை நிறைய வாங்கி வருவார். அம்மாவுக்கு அது என்றால் உயிர். விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கி, ஒன்றை உடைத்து நீட்டினேன்.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"இத காசில விட்டுட்டேன்லா... உங்கப்பா அஸ்தியக் கரைக்கப் போனம்லா, அங்கன."

காசிக்குப் போனால் பிடித்த பழம் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். சாமர்த்தியசாலிகள் பிடிக்காததை விட்டுவிட்டு வருவார்கள். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அவிய இல்லாம எனக்கு எதுக்குட்டி? நீ தின்னு."

தின்றேன்.

இப்போது நான் தென்காசிக்கே திரும்பிவிட்டேன். அம்மாவுக்கு மறதி நோய். சில நாள் என்னையே யாரென்று கேட்கிறாள். போன சீசனில் குற்றாலம் கூட்டிப் போனேன். ஐந்தருவிப் பக்கம் பழக்கடையைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னாள்.

"மங்குஸ்தான் வாங்குட்டி."

காசியில் விட்டதை ஞாபகப்படுத்த வாய் வரைக்கும் வந்தது... விழுங்கிக்கொண்டு இறங்கிப் போய் வாங்கி வந்தேன். விரலெல்லாம் கறையாக, ஒன்று மாற்றி ஒன்று ஆசையாகச் சாப்பிட்டாள். அன்று அவ்வளவு பெரிய மார்க்கெட்டில் என்னால் முடியாதது, ஒரு ரோட்டோரக் கடையில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அடுத்த பழத்தை உடைக்கப் போனேன். அம்மா தடுத்தாள்.

"போதும்ட்டி... மிச்சத்த உங்கப்பாக்கு எடுத்து வை. இப்ப வந்துருவாவ."