சண்டை போட ஒரு ஸ்பானிஷ்

அம்பிகாவுக்கு நாலு பாஷை தெரியும். நாலையும் சண்டை போட்டேதான் கற்றுக்கொண்டாள். தமிழ் வீட்டில், இரண்டு அக்காக்களோடு. இந்தி, பத்து வயதில், தண்ணீர் லாரி வரிசையில். பஞ்சாபி, முதன்முதலில் வேலைக்குப் போன வீட்டு மாமியாரிடம். கொஞ்சம் இங்கிலீஷ், கண்ணாடிக் கோப்பையை உடைத்தது தான் இல்லை என்று ஒரு வெள்ளைக்காரத் துரைசானிக்கு நிரூபிக்கப் போய் வந்தது. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தாளே, அங்கே எதுவும் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்காதீர்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பேசுவது வேறு சமாசாரம்.

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, இப்போது நாற்பத்து நாலு வயதில் முனிர்காவில் ஓர் அறை, ஒரு மகள். வேலை சாணக்யபுரியில், ஒரு தூதரக அதிகாரியின் வீட்டில். எந்த நாடு என்று சொன்னால் வம்பு. தென்னமெரிக்காவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு குடும்பம் வரும், போகும். சமையலுக்கு அம்பிகா மட்டும் பதினோரு வருஷமாக அப்படியே இருந்தாள். போகிற குடும்பம் வருகிற குடும்பத்திடம் சாவியைக் கொடுக்கும்போதே, "ஞாயிற்றுக்கிழமை தோசையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும். அவ்வளவு பேர் அவள் தோசைக்கு.

இந்தத் தடவை வந்த குடும்பம் ஊரிலிருந்து எல்விரா என்று ஒருத்தியையும் கூட்டிவந்திருந்தது. துணி, வீடு, கூடமாட வேலைக்கு. அவளுக்கும் நாற்பது சொச்சம்தான் இருக்கும். கையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. தன் சமையலறைக்குள் இன்னொருத்தி நிற்பதே அம்பிகாவுக்குப் பிடிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், எல்விராவை மட்டும் பார்க்கவேயில்லை. ஆறு மாசம் இப்படிப் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, அம்பிகா உள்ளே வந்தால், தோசைக்கல் வெளுத்துக் கிடக்கிறது. பதினோரு வருஷம் நல்லெண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று பழகிய இரும்புக்கல். சோப்பும் கம்பி நாரும் போட்டு யாரோ அதை எலும்பு தெரியத் தேய்த்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, வேலை முடித்த பெருமையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள் எல்விரா.

"அடிப் பாவி! யாரைக் கேட்டுடி கையை வச்ச? உங்கூட்டுக் கல்லாடி இது?" என்று ஆரம்பித்துத் தமிழில் கால் மணி நேரம், இந்தியில் கால் மணி நேரம், சளைக்காமல் பஞ்சாபியிலும் கொஞ்சம் வாங்குவாங்கென்று வாங்கினாள். எல்விரா எல்லாவற்றையும் கண் கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரு கோப்பை காப்பி போட்டு முன்னால் வைத்தாள்.

அம்பிகா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னவில்லை. "திட்டு வாங்குறவளுக்குப் புரியலன்னா அது திட்டா?" என்று மகள் கோமளாவிடம் புலம்பினாள்.

"மேடம்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிடேன்மா."

"போட்டுக்குடுக்கச் சொல்றியா? அந்தப் பொழப்பு எனக்கு ஆவாது. மூஞ்சிக்கு நேரா நானே கேக்கணும்."

விஷயம் திட்டோடு நிற்கவில்லை. அந்த ஞாயிறு நாலு விருந்தாளிகள் முன்னால் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்றது. பிய்ந்து பிய்ந்து வந்ததைத் தட்டில் வைக்க அம்பிகாவுக்குக் கை கூசிற்று. ஐயா நல்ல மனுஷர். அடுத்த ஞாயிறு எல்விரா சமைக்கட்டும், நீ ஓய்வெடு என்றார். பிறகு புதன்கிழமையும் ஓய்வு. பிறகு வெள்ளி. வாரம் ஆறு நாள் மூன்றாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் எதற்கு என்று மேடம் போனில் சொன்னதும் காதில் விழுந்தது. கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், வேலையே போய்விடும் போலிருந்தது. போவதானாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தாள். அதற்கு ஸ்பானிஷ் வேண்டும்.

கோமளா போனில் ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அம்பிகா நாலு நாள் கேட்டாள். பூனை பால் குடிக்கிறது. ஆப்பிள் சிவப்பு. நான் ஒரு பையன். "என்னைப் போயி பையன்னு சொல்லச் சொல்லுதுடி இது!" என்று ஐந்தாம் நாள் கழற்றிவிட்டாள். அப்புறம் வீடியோ. அதில் ஒரு வாத்தியாரம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். இப்படிச் சிரிக்கிறவளிடம் சண்டை கற்றுக்கொள்ள முடியுமா? அதுவும் போயிற்று.

ஓய்வு கொடுத்த ஒரு புதன்கிழமை, சவுத் எக்ஸ்டென்ஷனில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் இடம் ஒன்றுக்கு நேரிலேயே போனாள். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். எதற்காகக் கற்கிறீர்கள்: படிப்பு, வேலை, சுற்றுலா.

"லடாயி," என்றாள் அம்பிகா. சண்டைக்கு.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். முதல் நிலைக்கே நாலு மாசம் ஆகும், அதிலும் சண்டை கிடையாது என்று வருத்தத்தோடு சொன்னாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மொட்டை மாடியில் ஆரம்பப் பாடக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள், இலவசம், போய்ப் பாருங்கள் தீதி. விலாசம் முனிர்கா. அம்பிகாவின் அறையிலிருந்து மூன்றாவது சந்து. ஊரெல்லாம் சுற்றியதற்கு இது தேவைதான்!

மாடியில் எட்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவன் அபினவ், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் எம்.ஏ. படிக்கிறவன், டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன், தமிழ் மட்டும் தட்டுத் தடுமாறி வரும். கூட்டத்தில் ராமசுப்ரமணியன் என்று மத்திய அமைச்சகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் இருந்தார். முறை என்னவென்றால், ஒவ்வொருவரும் பெயர், ஊர், பொழுதுபோக்கு மூன்றையும் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். புதிதாக யாராவது வாராவாரம் வந்துகொண்டிருந்ததால் ஒரு வருஷமாக அந்த மூன்றைத் தாண்டவேயில்லை. தன் பொழுதுபோக்கு நடைப்பயிற்சி என்று ராமசுப்ரமணியன் ஐம்பது வாரமாகச் சொல்லி வந்தார்.

"மெ யாமோ அம்பிகா," என்றாள் இவள். ஊரும் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஹாபி? பொழுதுபோக்கு?" என்றான் அபினவ்.

"எனக்கு ஏது தம்பி அதெல்லாம்? நான் ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். என் தோசைக்கல்லுல சோப்பு போட உனக்கு யாருடி பர்மிஷன் குடுத்தா? இதை அந்த பாஷைல எப்படிக் கேக்கறது?"

எட்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ராமசுப்ரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அபினவ், இதுன்னா கேள்வி! இத்தன நாளா நாம என்னத்த கத்துண்டோம்? எனக்கும் மாடி வீட்டுக்காரன்கிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. மாடி வீட்டுக்காரன் ஸ்பானிஷ் இல்ல, இருந்தாலும் எழுதிக்கறேன்."

அன்று அந்தக் கூட்டம் பிழைத்துக்கொண்டது. ஆளாளுக்கு ஒரு வழக்கு வைத்திருந்தார்கள். அம்பிகா மட்டும் நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள்: கியென் தெ தியோ பெர்மிஸோ. உனக்கு யார் அனுமதி தந்தது. வாட்ஸாப் குழுவில் அபினவ் குரலில் பேசி அனுப்புவான். இவள் பஸ்ஸில், வெங்காயம் நறுக்கும்போது, குளிக்கும்போது திருப்பிச் சொல்வாள். நாலு சனிக்கிழமையில் பதினோரு வாக்கியங்கள் தேறின. மெதுவாகப் பேசு என்பதற்குத் தெஸ்பாசியோ. அது மட்டும் ஆப் சொல்லிக்கொடுத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்பிகா கல்லை எடுத்து மேடையில் டங்கென்று வைத்தாள். இடுப்பில் கை வைத்துப் பதினோரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் இறக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

எல்விராவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. முகம் சிவந்தது. அப்புறம் பாருங்கள், அணை திறந்துவிட்டாற்போல் அவள் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டி, கண்ணைத் துடைத்து, கல்லைக் காட்டி, அம்பிகாவைக் காட்டி. அம்பிகாவுக்குத் திக்கென்றது. கேட்பதற்குத்தான் ஒரு மாசம் படித்தாளே தவிர, பதில் வந்தால் என்ன செய்வதென்று அந்தப் புத்திசாலிகள் எட்டு பேரும் யோசிக்கவேயில்லை.

"தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்து அவள் வாயருகே பிடித்தாள். எல்விரா மூக்கை உறிஞ்சிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மெதுவாகச் சொன்னாள். அம்பிகா குழுவுக்கு அனுப்பினாள். இரண்டு பேரும் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்று போனையே பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அபினவ் குரல் வந்தது. பின்னால் மெட்ரோ சத்தம்.

"ஆன்ட்டி, அவங்க என்ன சொல்றாங்கன்னா... ஜான்பூஜ்கேதான் கழுவினாங்களாம். வேணும்னே. அவங்க ஊர்லயும் இரும்புக்கல்லுக்கு சோப்பு போட மாட்டாங்களாம், நல்லாவே தெரியுமாம். மேடம் பேசினா வேலைதான் பேசுவாங்க, இஸ்திரி போடு, கதவை மூடுன்னு. நீங்க ஆறு மாசமா மூஞ்சியக்கூட பார்க்கலயாம். கல்லைக் கழுவினா சண்டைக்காவது வருவீங்கன்னு நெனச்சாங்களாம். வந்தீங்களாம், ஆனா ஒரு வார்த்தைகூட புரியலயாம். அப்புறம் திரும்ப மூஞ்சிய திருப்பிக்கிட்டீங்களாம். அவ்வளவுதான் ஆன்ட்டி. சாரி, என் தமிழ் அவ்வளவு அச்சா இல்ல."

அம்பிகாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பேச்சுத் துணைக்கு என் கல்லா கிடைத்தது? பிறகு தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது. அன்றைக்கு வரிசையில் ஒருத்தி அம்பிகாவின் குடத்தை எட்டி உதைத்தபோதுதான், இந்த ஊரில் தன்னையும் ஓர் ஆளாக மதிக்கிறார்கள் என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது. எட்டு மாசம் ஒருத்தியைச் சுவர் மாதிரி நடத்தியிருக்கிறேனே என்று நினைத்தபடி எல்விராவின் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கு வாயால கூப்பிடக் கூடாதாடி, மூதேவி?" என்று தமிழிலேயே கேட்டாள். இந்தத் தடவை எல்விராவுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

சத்தம் கேட்டு மேடம் ஓடிவந்தபோது இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் இருந்தார்கள். ஒருத்தி கல்லில் நல்லெண்ணெய் தடவ, இன்னொருத்தி பாதி வெங்காயத்தால் தேய்க்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்விரா இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை என்று மேடம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கல் பழக மூன்று ஞாயிறு பிடித்தது. நாலாவது ஞாயிறு தோசை முழுசாக எழுந்தது. கூடவே எல்விரா அரைத்த பச்சைமிளகாய்த் துவையல். ஆறு நாளும் திரும்பி வந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் எதற்கு என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்பிகா மாடிக்குத் தனியாகப் போகவில்லை. நிஜமான ஸ்பானிஷ்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் ராமசுப்ரமணியன் தலையைக் கோதிக்கொண்டார். வழக்கம்போல் பெயர், ஊர் எல்லாம் வரிசையாக வந்தது.

"ஆன்ட்டி, இன்னிக்காவது ஹாபி சொல்லுங்க," என்றான் அபினவ்.

அம்பிகா நோட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளை விரலால் காட்டி, யாரும் எழுதிக்கொடுக்காத தன் முதல் வாக்கியத்தை ஸ்பானிஷில் சொன்னாள். "இவளோடு சண்டை போடுவேன்."

"தினமும்," என்று சேர்த்துச் சொன்னாள் எல்விரா.