பங்காரப்பேட்டையில் மூணு நிமிஷம்

காதுல ஸ்டெதஸ்கோப்பை மாட்டினா தடக் தடக் தடக்... மனுஷனோட நாடியா, ரயில் சக்கரமான்னு ஒண்ணும் புரியாது அப்போல்லாம் எனக்கு.

முப்பத்திநாலு வயசுல நர்ஸிங் சேர்ந்தவ நான். எங்க ஊர் தங்க மைன்ஸ் மூடினதும் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. ரெண்டு பிள்ளைங்க வேற. "நீ படி ஸ்டெல்லா, சோறு நான் ஆக்கறேன்"னார். சொன்னபடி ஆக்கவும் செஞ்சார். உப்பு மட்டும் கடைசி வரைக்கும் அவர் கைக்குப் பிடிபடலை!

விடியக்காலை எங்க ஊர் கோரமண்டல் ஸ்டேஷன்ல வண்டி ஏறினா பெங்களூர், அங்கதான் காலேஜ். படிக்கிறதெல்லாம் ரயில்லதான்.

கூடப் படிச்ச பதினெட்டு வயசுப் பொண்ணுங்க டக்குனு பி.பி. பார்த்துடுவாங்க. எனக்கு சத்தம் எங்க ஆரம்பிக்குது, எங்க நிக்குதுன்னே தெரியாது. அவ்வளவு பதட்டம். ஒருநாள் எதுவும் கேக்காமலே 120/80ன்னு எழுதி வெச்சு மாட்டிக்கிட்டேன்.

மேடம் திட்டலை. "அடுத்த வாரம் பிராக்டிகல். அதுக்குள்ள பி.பி. பார்க்க வரலைன்னா வீட்டுக்குப் போயிடுங்க. குத்துமதிப்பா பார்க்கிற நர்ஸ் வேணாம்"னாங்க.

மறுநாள் லேப்ல கேட்டு வாங்கின பி.பி. மெஷினை மடியில வெச்சுக்கிட்டு ரயில்லயே அழுதேன்...

எதிர்ல சீட்டாடற கூட்டம். மைன்ஸ்ல இருந்துட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போறவங்க. அதுல செல்வராஜ் அண்ணனுக்குத்தான் பெரிய தொண்டை. சுரங்க ஷாஃப்ட்டுக்குக் கீழே மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பழகினது.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

சொன்னேன். சட்டைக் கையை மடிச்சு நீட்டினார்.

"வண்டி ஆடுதுண்ணா, கேக்காது."

"பங்காரப்பேட்டையில மூணு நிமிஷம் நிக்கும்ல? அப்போ பாரு."

வண்டி நின்னுச்சு. அண்ணன் போட்டார் ஒரு கத்து.

"ஏய், வாயை மூடுங்கப்பா எல்லாரும்! தங்கச்சி கேக்குது!"

சீட்டுக்கட்டு கீழே போச்சு. காபிக்காரர்கூட வாசல்லயே நின்னுட்டார். முதல் தடவையா எனக்குக் கேட்டுச்சு... டப்... டப்... டப்... அப்புறம் மெதுவா மங்கி அடங்கிடுச்சு.

அந்த வாரம் பூரா தினம் ஒருத்தர் கை நீட்டுவார். அந்த மூணு நிமிஷம் பெட்டியே பேசாது. பிராக்டிகல் பாஸ் பண்ணினேன். இன்னைக்கு நான் போட்டிருக்கிற இந்த வெள்ளை கோட்டு அந்தப் பெட்டிக்காரங்க போட்ட பிச்சை. எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

இப்போ வார்டு இன்சார்ஜ் நான். பொத்தானை அமுக்கினா மெஷினே நம்பர் காட்டுது. அதே ரயில்ல எல்லார் காதுலயும் இயர்ஃபோன். யாரையும் வாயை மூடச் சொல்ல வேண்டியதே இல்லை...

போன மாசம் ஒரு பெரியவர் அட்மிட் ஆனார். மைன்ஸ் தூசி படிஞ்சு கெட்டுப்போன நுரையீரல், ரெண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்குது. ஃபைல்ல பேரைப் பார்த்தேன். செல்வராஜ்.

மெஷினை ஓரமா வெச்சுட்டு என் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். அண்ணன் அதையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார்.

பக்கத்து பெட்டுக்காரரைப் பார்க்க வந்தவங்க சளசளன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். அவ்வளவு பெரிய தொண்டையில இப்போ காத்துதான் வந்துச்சு.

"ஏய்... வாயை மூடுங்கப்பா... தங்கச்சி கேக்குது..."

யாரும் அடங்கலை. அவங்களுக்கு அது காதுலயே விழலை.

எனக்கு மட்டும் எல்லாம் தெளிவா கேட்டுச்சு.