எண்ணெய்த் தலையோடு ஒரு நீர்க்குகை

ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் நான் நிலத்தடி ரயிலான சப்வேயில் ஏறியதில்லை. சண்டைக் காலத்தில், ஊரில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கரின் வாசல் இடிந்து விழுந்து, இரண்டு நாள் உள்ளே கிடந்தவள் நான். நிலத்துக்குக் கீழே இறங்கு என்றால் கால் வராது. வீடு இருக்கும் வோபர்னிலிருந்து வேலைக்கு மூன்று பஸ். பனியில் விறைத்தாலும் பஸ்தான்.

இந்த மார்ச்சில் மகள் எங்களை மெக்சிக்கோவுக்குக் கூட்டிப் போனாள். கடற்கரை என்றுதான் சொன்னாள், கள்ளி! மூன்றாம் நாள் எங்களை ஏற்றிய வான் ஒரு காட்டுக்குள் போய் நின்றது. நிலம் இடிந்து உண்டான பெரிய குழி, கீழே குகை, குகைக்குள் தண்ணீர். செனோட்டே என்கிறார்கள். மாயா மக்களுக்கு அது தெய்வம் இருக்கும் இடம். மரப்படியைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல விடியவே தலைக்கு நல்லெண்ணெய் வைத்திருந்தேன். எந்த நாட்டில் குளித்தாலும் வெள்ளி வெள்ளிதானே! வழிகாட்டி ஒரு மாயாப் பெண், என் வயதிருக்கும். என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறித்தாள். எண்ணெய் பட்டால் அந்தத் தண்ணீர் கெட்டுவிடுமாம்.

"கோதாரி! மெக்சிக்கோவுக்கும் நல்லெண்ணெய்ப் போத்திலோட வந்த ஆள் நீர் ஒராள்தான்," என்றார் கணவர்.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். "ஓம், நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்," என்றேன்.

வழிகாட்டி விடவில்லை. குளிக்கும் இடத்தில் என்னை இருத்தி, சோளமாவைக் கரைத்து வந்து, நாங்கள் எண்ணெய் போகப் பயத்தம் மா தேய்ப்பதுபோல அரை மணித்தியாலம் தேய்த்தாள். ஊர்பேர் தெரியாதவளுக்கு இப்படியும் ஒருத்தி தலை கழுவுவாளா? இவ்வளவு பாடுபட்டவளிடம் வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"வாசல் மூடுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. மூட அங்கே ஒன்றுமில்லை என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் படியிறங்கினாள். கீழே, கூரையிலிருந்த ஓட்டையால் வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுதேன். மகள் பயந்துபோனாள். "நன்றியில வந்த அழுகை பிள்ளை, வேறொண்டுமில்லை," என்றேன். அந்த வழிகாட்டியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கைகளை இன்றும் கும்பிடுகிறேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை கணவர் எனக்குப் போன் எடுத்தார்.

"பஸ் வந்திட்டுதோ?"

"இல்லை. சப்வேயில நிக்கிறன். கீழ."



"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்," என்றார்.