டீத்தண்ணி குடிக்கிற சிப்பாய்

என் சேகரிப்பு ஒரு கையெழுத்தில் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னையில் இருந்தபோது, ஒரு பழைய புத்தகக் கடையில் புகைப்படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துப் போட்டது. முதல் பக்கத்தில் பழுப்பேறிய மையில் அவருடைய கையெழுத்து. படமெடுத்த கை இந்தத் தாளையும் தொட்டிருக்கிறது என்று நினைத்ததும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அப்புறம் அந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினேன். வேலை கிடைத்து அரூருக்கு வந்தபோது, என் டிரங்குப் பெட்டியில் துணிமணியைவிடப் புத்தகமே அதிகம்.

அரூரில் அதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு பலகை வைத்து யுத்தப் படங்களை மாட்டினார்கள். பத்திரிகைகளுக்கு அனுப்புகிற அசல் பிரதிகள். அச்சில் கறுப்புத் திட்டாக வரும் முகங்கள் இவற்றில் வியர்வைத் துளியோடு தெரிந்தன. பின்பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்த துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். புதுப் படங்கள் வந்ததும் பழையவை ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்தன. குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"இதை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க? எலி திங்கறதுக்குப் பதிலா நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "துப்பாக்கியும் பீரங்கியுமா இருக்குது. குடித்தனம் பண்ற வூட்டுக்குள்ள கொண்டாறீங்களே" என்றாள். ஆனாலும் பூச்சி அரிக்காமல் இருக்கப் படங்களுக்கு நடுவே வேப்பிலை வைத்தது அவள்தான்.

சித்தேரி மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா சந்தைக்குச் சாமையும் புளியும் கொண்டுவருவார். சந்தைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், ஈரம் போகட்டும் என்று படங்களைக் கயிற்றுக் கட்டிலில் பரப்பியிருந்தேன். அவர் கூடையை இறக்கிவிட்டு அருகில் வந்தார்.

"இதெல்லாம் சண்டைக்குப் போனவங்களுங்களா?"

"ஆமாங்கம்மா."

"எம் மவனும் போயிருக்கறானுங்க. பட்டாளத்துல சேந்தவன் ஒரு சேதியும் இல்லீங்க. கொஞ்சம் பாக்கட்டுங்களா?"

நான் படங்களில் வெளிச்சத்தையும் நிழலையும் பார்க்கிறவன். அவர் ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்தார். பின்னால் மங்கலாக நிற்கிறவர்களைக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு படத்தில் விரல் நின்றது. மணலில் உட்கார்ந்து சில சிப்பாய்கள் தகரக் குவளையில் டீ குடிக்கிறார்கள். ஓரத்தில் இருப்பவன் பாதி முகம் திருப்பிச் சிரிக்கிறான்.

"இவந்தானுங்க" என்றார்.

படத்தைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தேன். 'இந்தியச் சிப்பாய்கள் தேநீர் அருந்துகிறார்கள்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஊரையும் படைப்பிரிவையும் மறைத்துத்தான் போடுவார்கள். ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எங்களுது ஒழுகற கூரைங்க. இங்கயே இருக்கட்டும். வர்றப்பப் பாத்துக்கறேன்."

அதன்பின் சந்தை நாள் தவறாமல் வந்தார். என் மனைவி அந்தப் படத்தை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டாள். அவர் சற்று நேரம் பார்ப்பார், முந்தானையால் ஒரு முறை துடைப்பார், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவார். எங்களுக்கே அந்தப் பையன் சொந்தக்காரன் போலாகிவிட்டான். பலகையில் புதுப் படம் வந்தால் அவன் இருக்கிறானா என்று என் மனைவியும் கேட்க ஆரம்பித்தாள்.

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து ஒரு சந்தை நாளில் அவர் தனியாக வரவில்லை. கூடவே காக்கி நிஜாரும் காய்ச்சலில் வற்றிய உடம்புமாக ஒரு இளைஞன். என் மனைவி ஓடிப்போய்ப் படத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பாரு கண்ணு, நீதான்" என்றார் அந்த அம்மா.

அவன் நெடுநேரம் பார்த்தான். "ஆமாம்மா, நாந்தான்" என்றான்.

பெண்கள் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தான். "நான் மணல் பக்கமே போகலீங்க சார். பர்மாக் காட்டுல சேத்துக்குள்ள கெடந்தேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா முதல் முறையாகப் படத்தைக் கேட்டார். "இப்ப எடுத்துட்டுப் போறேனுங்க." என் மனைவி அதைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

தெரு முனை தாண்டியதும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அது அந்தம்மாவுக்கு மொதல்லயே தெரியுமுங்க. இப்பத்தான் அடுப்படியில எங்கிட்ட சொன்னாங்க."

"பின்னே எதுக்கு இத்தனை நாளா வந்தாங்க?"

"அந்தப் பையன் கையில டீத்தண்ணி இருக்குது, சிரிச்சுக்கிட்டு இருக்கறான். அதப் பாத்துட்டுப் போனாத்தான் அன்னிக்குச் சோறு எறங்குமாம். யாரு பெத்த புள்ளையோ, எம் மவனோட சேந்து எங்க வூட்லயே இருக்கட்டும்னு கொண்டுபோறாங்க."