வாளிக்கு அடியில் மாத்திரை

நாலு தெருவுக்கும் அவள் ரேடியோதான். பிளாஸ்டிக் வாளிகளையும் பேசின்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்குத் தெருவில் இறங்கினால், வியாபாரம் ஒரு பங்கு, செய்தி மூன்று பங்கு. எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்தக் கல்குவாரி மேஸ்திரி பெண் கேட்கப் போய் மூக்குடைபட்டு வந்தார், எல்லாம் ஒன்பது மணிக்குள் ஒலிபரப்பாகிவிடும். வீட்டுக்காரர் தையல்காரர். அவர் வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் அந்த வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதையும் அவள் ஒருத்தியே பேசித் தீர்த்தாள்.

ஊருக்கு வெளியே, குவாரிக்குப் போகும் மண்சாலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி உண்டு. பழைய பஞ்சுக் கிடங்கைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, நாற்பது கட்டில் போட்டிருந்தார்கள். கல் உடைக்கிறவர்கள், செங்கல் அறுக்கிறவர்கள், குப்பை பொறுக்குகிறவர்கள் என்று வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வருகிற இடம். கையில் ஏதாவது இருந்தால் உண்டியலில் போடலாம். இல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை. பெரிய டாக்டரம்மாவே சில நாள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வார்டு கூட்டுவார்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு பேசின் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரேடியோ சுமையோடு போய் நின்றபோது டாக்டரம்மாவும் சீட்டு எழுதுபவரும் மேசையில் அட்டைகளைப் பரப்பி வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய டி.பி. நோயாளிகளில் பதினோரு பேர் பாதியில் காணாமல் போயிருந்தார்கள். சீட்டு எழுதுபவர் ஒவ்வொரு விலாசமாக வாசித்து, "ஆள் இல்ல, ஆள் இல்ல" என்று அட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது சந்து, ஓட்டு வீடு, லாரி க்ளீனர்."

"அவன் அங்க எப்படி இருப்பான்?" வாசலிலிருந்து குரல் வந்தது. "மச்சானோட சண்டை போட்டுக்கிட்டு சூளைப் பக்கம் போயிட்டான்ல. காலையில அஞ்சரைக்குப் போனா பிடிக்கலாம். ஆறு மணி ஆச்சுன்னா ஆளு பறந்துடும்."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள வாங்க. அடுத்தது படிங்க."

பதினொன்றில் ஒன்பது பேர் எங்கே இருக்கிறார்கள் என்று நின்ற இடத்திலேயே சொன்னாள் ரேடியோ. பத்தாவது ஆளுக்குக் கொஞ்சம் யோசித்தாள். பதினோராவது ஆளை மட்டும் அவளுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப் போகிறேன் என்று டாக்டரம்மா சொன்னபோது சீட்டு எழுதுபவருக்கு வியர்த்துவிட்டது. "அம்மா, இவங்ககிட்ட ஒண்ணு சொல்றதும் மைக்கு வச்சு சொல்றதும் ஒண்ணுதான்."

"அது எனக்கும் தெரியும்" என்றார் டாக்டரம்மா. பிறகு ரேடியோவின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "இந்தப் பதினோரு பேர்ல பாதிப் பேர் மாத்திரை கசக்குதுன்னு நிறுத்தல. பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நிறுத்தினாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு, வெளிய தெரிஞ்ச மறுநாள்ல இருந்து வரவே இல்ல. நாங்க போய்ப் பாக்கும்போது நேரம் கடந்துடுச்சு. உங்க கால் எனக்கு வேணும், கண்ணு வேணும். வாய் மட்டும் உங்க வீட்டு வாசல்லயே இருக்கட்டும். புருஷன்கிட்டகூடக் கூடாது."

ரேடியோ வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

முதல் பத்து நாள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. தண்ணீர்க் குழாயடியில் நாலு பெண்கள் கூடினால் ரகசியம் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். மெள்ள மெள்ள ஒரு வழி கண்டுபிடித்தாள். ரகசியம் மேலே எழும்பும்போதெல்லாம் அதன்மேல் நாலு வெட்டிக் கதையைப் போட்டு அமுக்கினாள். யார் வீட்டுப் பூனை எந்த வீட்டில் குட்டி போட்டது, எந்தக் கடையில் கண்ணாடி உடைந்தது என்று முன்னைவிட இரண்டு மடங்கு பேசினாள். இவ்வளவு பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று யாருக்குத்தான் தோன்றும்?

வாளிகளும் கைகொடுத்தன. மாத்திரை டப்பாவை அடி வாளியில் வைத்து, மேலே ஆறு வாளி அடுக்கிவிட்டால் அது வெறும் வியாபாரம். லாரி க்ளீனரின் குடிசை வாசலில் வாளியைத் தட்டிக் காட்டி, "இது விழுந்தா உடையாது, பாருங்க" என்று கத்திக்கொண்டே மறு கையால் மாத்திரையைக் கொடுப்பாள். அவன் விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை பேரம் நடக்கும். இரண்டு மாதத்தில் ஏழு பேர் திரும்ப வந்துவிட்டார்கள். சீட்டு எழுதுபவர் ஒருநாள் தானாகவே அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அப்போதுதான் புதிதாக ஓர் அட்டை வந்தது. ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை வாங்கிப் போன அம்மாள், பத்து நாளாக வரவில்லை. விலாசம்: பழைய ஐஸ் பாக்டரிக்குப் பின்னால். வீட்டில் வேறு யாரும் இல்லை, தனியாள்.

"ஐஸ் பாக்டரிக்குப் பின்னால முள்ளுக்காடுதானே இருக்கு" என்றபடி ரேடியோ அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். முகத்தைப் பாதி துணியால் மூடியிருந்தாலும் தங்கப் பிரேம் கண்ணாடியும், அதற்குமேல் நெற்றியைச் சுளித்திருந்த தோரணையும் நன்றாகத் தெரிந்தன.

அவளுடைய சம்பந்தியம்மா! விலாசமும் பொய், தனியாள் என்றதும் பொய்.

மகளைக் கட்டிக் கொடுத்த இடம். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். தங்கமான பையன். ஆனால் சம்பந்தியம்மாவுக்கும் ரேடியோவுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான மறுநாளே அந்த அம்மாள் மருமகளை உட்கார வைத்து, "இந்த வீட்டுல நடக்கிறது எதுவும் உங்கம்மா காதுக்குப் போகக் கூடாது, போனா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி" என்று சொன்னதை மகள் அழுதுகொண்டே வந்து ஒப்பித்தது ரேடியோவுக்கு இன்னும் ஆறவில்லை.

"வேற யாரையாவது அனுப்பவா?" என்று விஷயம் தெரிந்ததும் கேட்டார் டாக்டரம்மா.

"வேற யாரு இருக்கா? நானே போறேன்."

மறுநாள் மாப்பிள்ளை வேலைக்கும் மகள் குழாயடிக்கும் போன நேரம் பார்த்துப் போனாள். கதவைத் திறந்த சம்பந்தியம்மா, வாளிகளைப் பார்த்தார். அடி வாளியிலிருந்து வெளியே வந்த டப்பாவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த ஆஸ்பத்திரியில வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைக்கல. தண்ணி கொண்டாங்க."

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கல. நீங்க மாத்திரையை நிறுத்தினா ஆரம்பிக்கிறதா இருக்கேன்."

சம்பந்தியம்மா ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு, இருமல் நின்றுவிட்டதால் நோயும் போய்விட்டது என்று நினைத்ததாக முணுமுணுத்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டார். அன்றிலிருந்து தினம் காலை ரேடியோ அங்கே ஆஜர்.

ஒரு வீட்டுக்குத் தினம் எத்தனை வாளி விற்க முடியும்? நாலாம் நாளே மகள் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா தினம் தினம் வந்து நிக்கிற? அவங்களை வேவு பாக்க நான்தான் உன்னை வரச் சொன்னேன்னு நினைக்கப் போறாங்க." தையல்காரர்கூட ஒரு குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பொண்ணு கொடுத்த வீட்டுக்கு அடிக்கடி போனா மரியாதை இருக்காது" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வருடக்கணக்காயிற்று. ரேடியோ இரண்டையும் வாங்கிக்கொண்டு, பூனைக் கதையைத் தொடங்கினாள்.

ஆனால் அவளை உண்மையில் அரித்தது வேறு. மூன்று வயதுப் பேத்தி இரவும் பகலும் பாட்டி மடியிலேயே கிடந்தாள். வீட்டில் எல்லோரையும் சோதித்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"வீட்ல சொல்லிடுங்க" என்று கேட்டுப் பார்த்தாள்.

"சொன்னா உங்க பொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்துடுவா. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு." சம்பந்தியம்மாவின் கண் கலங்கி ரேடியோ அன்றுதான் பார்த்தாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். "டாக்டரம்மா, என்னால முடியல. சொன்னா குத்தம், சொல்லாட்டி என் பேத்தி."

டாக்டரம்மா யோசித்தார். "எக்ஸ்ரே வண்டியை அந்தத் தெருவுக்கே கொண்டு வரலாம். தெரு முழுக்கப் பாத்தா யாருக்காகன்னு யாருக்கும் தெரியாது. ஆனா போன தடவை ஒரு தெருவுக்குப் போனோம். வந்தது ஒன்பது பேர்."

"ஒன்பதா? தேதியைச் சொல்லுங்க."

அடுத்த மூன்று நாள் ரேடியோ முழுச் சத்தத்தில் பாடியது. இரண்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் இதற்காகத்தானோ என்னவோ. சண்டைக்காரர்களிடம், "எதிர் வீட்டுல எல்லாரும் வராங்களாம், நீங்க பயந்துட்டீங்கன்னு பேசிக்கிறாங்க" என்றாள். வயசுப் பையன்களிடம், போட்டோ எடுத்தால் நெஞ்சுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றாள். தையல்காரரை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள். "குண்டூசியை எடுத்துட்டு நில்லுங்க, இல்லன்னா வயித்துல இருக்குன்னு எழுதிடப் போறாங்க!" தெரு சிரித்தது. சிரித்த தெரு வரிசையிலும் நின்றது. வண்டி கிளம்பும்போது சீட்டு எழுதுபவர் எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அந்தத் தெருவில் யாருமே சந்தேகப்படாத இரண்டு பேருக்கு நோய் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் தப்பித்தார்கள். பேத்திக்கும் நோய் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளை என்பதால் தடுப்பு மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும், அதைப் பெற்றவர்களுக்குச் சொல்லாமல் கொடுக்க முடியாது. டாக்டரம்மா சம்பந்தியம்மாவைத் தனியே கூப்பிட்டு இதை மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே அந்த அம்மாள் மகனையும் மருமகளையும் எதிரே உட்கார வைத்துத் தன் வாயால் சொல்லிவிட்டார்.

சம்பந்தியம்மா பயந்தபடி மருமகள் பெட்டியைத் தூக்கவில்லை. புயல் வேறு பக்கம் அடித்தது.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மகள் தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஊர்ல யாருக்குத் தும்மல் வந்தாலும் சொல்ற வாய், என் பிள்ளை விஷயத்துல மட்டும் மூடிக்கிச்சா? நான் உன் பொண்ணா, இல்ல அந்த ஆஸ்பத்திரியா உனக்குப் பொண்ணு?"

வண்டியை வரவழைத்தது பிள்ளைக்காகத்தான் என்று ரேடியோ சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. மகள் கேட்டதும் நியாயம்தானே? தையல்காரர் மிஷினை நிறுத்தினார். குண்டூசிகளை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தார். "தாய்க்காரி தூங்கி ரெண்டு வாரம் ஆச்சும்மா. ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார். மகள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை டப்பாவோடு போனபோது மகள் கதவருகே கையை நீட்டினாள். "குடுத்துட்டுப் போ. ரெண்டு பேருக்கும் நானே குடுத்துக்கறேன். நீ உள்ள வர வேண்டாம்." கோபமா, உதவியா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். மூன்று வாரம் அப்படியே நடந்தது. வாசலோடு வந்து வாசலோடு திரும்பினாள் ரேடியோ. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில் கதவைத் திறந்தது சம்பந்தியம்மா. உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற குரலில், "வெயில்ல நிக்க வச்சுப் பேசினா எங்க வீட்டு மரியாதை என்னாகிறது? உங்கம்மாவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு" என்றார். மகள் ஸ்டூலை டங்கென்று வைத்தாள். வைத்தவள் போகாமல், சுவரில் சாய்ந்து நின்றாள். பேத்தி வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

ஆறு மாதம் முடிந்தபோது சம்பந்தியம்மாவின் சளியில் கிருமி இல்லை, எடையில் ஐந்து கிலோ கூடியிருந்தது. பதினோரு பேரில் எட்டுப் பேர் குணமானார்கள். இருவர் ஊரை விட்டே போய்விட்டார்கள். கல் உடைக்கிற ஒருவர் மட்டும் பிழைக்கவில்லை. அவர் போன அன்று முழுக்க ரேடியோ வாளியையும் தூக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.

இந்தக் கணக்கு முடிந்த அடுத்த வாரமே டாக்டரம்மா சூளைப் பக்கத்துத் தெருக்களையும் அவளிடம் ஒப்படைத்தார். லாரி க்ளீனரைத் தவிர அங்கே யாரும் அவளுக்குப் பழக்கமில்லை. சம்பந்தியம்மாவின் தம்பி வீடு அங்கேதான் இருந்தது. "நானும் வரேன்" என்று அந்த அம்மாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று வாளியைத் தூக்கிக்கொண்டு, யார் முன்னால் போவது என்று சண்டை போட்டபடியே மண்சாலையில் நடந்தார்கள்.