வல்லாரைப் பாத்திக்குப் போன தண்ணீர்

நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கச்சான் காற்றின் வறட்சியில், உப்புவெளியில் சிவக்கொழுந்தின் கிணறு நாளுக்கு எட்டு வாளிக்கு மேல் தர மறுத்தது. குடிக்க, சமைக்க, துவைக்க அது போதும். தோட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. யுத்தகாலக் கூப்பன் அரிசியோ வாரம் முழுக்கக் காணாது. மிச்ச நாளுக்குத் தோட்டம்தான் சாப்பாடு. ஆகவே துணி துவைத்த தண்ணீரைச் சும்மா ஓட விட அவளுக்கு மனமில்லை.

கலியாணத்துக்கு முன் ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளர் படுக்கை மாற்றியவள். எதையும் முறையாகச் செய்வாள். சவர்க்காரம் நுரைத்த தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும். அதுவும் வேரடியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அலசிய தண்ணீர் கத்தரிக்கு, இலையில் படாமல். மறுநாளுக்கு வைத்தால் நாறும், நுளம்பு வந்து கடிக்கும், வைக்கமாட்டாள். சாம்பல் போட்டுத் துணி அவித்த தண்ணீரை ஒருமுறை மிளகாய்க்கு ஊற்றினாள். மிளகாய் செத்தது. அதோடு அதை விட்டாள்.

அந்த மாதம் துறைமுகத்தில் மூட்டை சுமந்த புருஷன் கதிரவேல் சீதமும் இரத்தமுமாகப் போகும் வயிற்றுளைவோடு வந்து படுத்தார். இடுப்பில் கட்டும் சாரம் நாளுக்கு ஆறு அழுக்கானது. அவற்றைக் கல்லில் கசக்கி, பிறகு அவித்து, அந்த வாளித் தண்ணீரைக் கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டி ஊற்றினாள்.

துவைக்கிற கல்லடியில் ஈரம் நிற்கும் என்று ஊரில் எல்லாரும் அங்கேதான் வல்லாரை வைப்பார்கள். அவளும் வைத்திருந்தாள். வாளியில் இருந்ததை மட்டும்தான் அவள் தண்ணீர் என்று நினைத்தாள். கல்லில் வழிந்தது மூன்று நாளாகத் தன்பாட்டுக்கு வல்லாரைக்குப் போனது.

நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டு அசனாவுக்கு வேலிக்கு மேலால் ஒரு பிடி வல்லாரை கொடுத்தாள். திரும்பி வந்து சாரத்தைக் கல்லில் போட்டபோதுதான் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தாள். வல்லாரையை யாரும் அவிப்பதில்லை. பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல்தான்.

ஈரக் கையோடு ஓடினாள். அசனாவின் புருஷன் ஜவாஹிர் சோற்றுப் பீங்கானில் கை வைத்திருந்தான்.

"தம்பி, அதைக் கீழ வையுங்கோ."

"பசிக்குதக்கா. வேலைக்குப் போகணும்."

"வல்லாரையில என்ர மனுசன்ர சாரம் கழுவின தண்ணி விழுந்திருக்கு."

ஜவாஹிர் சம்பலைப் பார்த்தான். "எந்தச் சாரம்?"

"எல்லாச் சாரமும்."

பீங்கான் கீழே வந்தது.

"வாயில வைச்சனீங்களோ?"

"இன்னும் இல்ல."

"பிள்ளைக்குக் குடுத்ததோ?"

"அவள் வல்லாரை எண்டாத் துப்புவாள்," என்றாள் அசனா.

"நல்ல பிள்ளை. நீர் திண்டனீரோ?"

அசனா விரலை முந்தானையில் துடைத்தாள். "உப்புப் பாக்க ஒரு விரல்."

சிவக்கொழுந்து சம்பலைத் தானே குழியில் கொட்டி மூடினாள். பீங்கானையும் கத்தியையும் கொதிநீரில் போட வைத்தாள். எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வரை வாசலில் நின்றாள். வீட்டுக்குப் போய் வல்லாரையை வேரோடு கிளறி எடுத்துப் புதைத்துவிட்டு, அந்த இடத்தில் வாழைக்குட்டி ஒன்றை நட்டாள்.

மறுநாளிலிருந்து காலையில் வேலியடிக்கு வந்தாள்.

"அசனா! வயிறு எப்பிடி? எத்தினை தரம் போனனீர்?"

"மெதுவாக் கேளுங்கக்கா! சந்தி வரைக்கும் கேக்குது."

"சந்திக்கு வயித்தோட்டம் இல்லை. உமக்கோ?"

"இல்ல."

ஐந்தாம் நாள் அசனா முந்திக்கொண்டு வேலியில் நின்றாள். "நான் நல்லா இருக்கன். ஒண்டுமில்ல. இனிக் கேக்காதீங்க."

சிவக்கொழுந்து இன்னும் இரண்டு நாள் கேட்டாள்.